கிடாரின் கழுத்தில் ஒரு கோடு

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. முருங்கைக் கிளை ஒடிவது மாதிரி ஒரு 'மடக்'. அவ்வளவுதான்.

கோவையில் ஒரு பழைய ஓட்டு வீடு. சனிக்கிழமை காலை. திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த தாத்தா எழுந்து உள்ளே போனார். பத்தாம் வகுப்பு படிக்கும் பேத்தி, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கிடார். அதன் தலை மட்டும் தனியே பிய்ந்து, ஆறு தந்திகளில் தொங்கிக்கொண்டிருந்தது.

கட்டில் ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தாள். சரிந்து விழுந்துவிட்டது. இரண்டடி உயரம்கூட இருக்காது.

"தாத்தா... பாட்டி..." என்றவள் மேற்கொண்டு பேசவில்லை.

அந்தக் கிடாரை வாங்கிக் கொடுத்தது பாட்டி. சீட்டுப் பணம் கையில் வந்த அன்றைக்கே பேத்தியைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். "வீணை கேப்பான்னு பாத்தேன், இவ கிடார் கேக்கறா" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார். அடுத்த வருடமே போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் பாட்டியின் புடவைகள் இருந்தன, மூக்குக் கண்ணாடி இருந்தது. ஆனால் பாட்டி தனக்கென்று வாங்கித் தந்தது பேத்திக்கு அது ஒன்றுதான்.

"விடு அம்மணி, பாத்துக்கலாம்" என்றார் தாத்தா.

கடையில் காட்டியபோது, "இதைச் சரி செய்யற கூலிக்குப் புதுசே வாங்கிடலாங்க" என்றார்கள். மகனும் அதையேதான் சொன்னார். "எதுக்குங்கப்பா இந்த வேலையெல்லாம்? இன்னைக்கு ஆர்டர் போட்டா நாளன்னைக்கு வந்துரும்."

தாத்தா பதில் சொல்லவில்லை. மகனுக்கு அவர் பதில் சொல்லி ரொம்ப நாளாகிவிட்டது.

அப்பாவின் உளியும் மகனின் மெஷினும்

நாற்பது வருடம் அவர் பேட்டர்ன் மேக்கர். கோவையில் பம்பு, மோட்டார் செய்யும் ஊர்க்காரர்களுக்கு இந்த வேலையைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: இரும்பை உருக்கி வார்ப்பதற்கு முன், அந்தப் பொருளை முதலில் மரத்தில் செய்ய வேண்டும். அந்த மர உருவை மணலில் பதித்து எடுத்தால் கிடைக்கும் பள்ளத்தில்தான் இரும்பு ஊற்றப்படும். ஆறும்போது இரும்பு சுருங்கும். நூற்றுக்கு ஒன்று என்கிற கணக்கில் மரத்தைக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். அதற்கென்றே தனி அளவுகோல் உண்டு. தச்சு வேலையிலேயே நுணுக்கமான வேலை இது.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. சி.என்.சி. மெஷின் அலுமினியத்திலும் ரெசினிலும் பேட்டர்னைக் கடைந்து தள்ள ஆரம்பித்தது. அவர் பட்டறைக்கு வேலை குறைந்தது. மகன் போய்ச் சேர்ந்ததும் அப்படியொரு மெஷின் கம்பெனியில்தான். "மரத்தைக் கட்டிட்டு அழ முடியாதுங்கப்பா" என்று அன்றைக்கு மகன் சொன்ன ஒரு வார்த்தை இருவருக்கும் நடுவில் நின்றுவிட்டது. சாப்பாட்டுக்கு ஒன்றாக உட்காருவார்கள். பேச்சு மட்டும் கிடையாது. பின்கட்டில் தாத்தாவின் மேஜையும் உளிகளும் துணி போர்த்திக் கிடந்தன.

அந்தத் துணியை அவர் அன்றைக்குத்தான் எடுத்தார்.

பதினோரு நாள்

முதலில் சுலபமான வழியைத்தான் பார்த்தார். உடைந்த வாயில் பசை தடவி, தலையைப் பொருத்தி, பழைய சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டினார். இரண்டு நாள் கழித்துத் தந்தி மாட்டினார்கள். பேத்தி வாசித்தாள்.

பதினோரு நாள் தாங்கியது. பன்னிரண்டாம் நாள் ராத்திரி, யாரும் தொடாமலே, ஆணியில் தொங்கிய கிடார் தானாக வாய் பிளந்தது.

நைலான் தந்திகள்தானே என்று நினைப்போம். ஆனால் சுதி சேர்த்த நைலான் தந்தி கிடாரில் ஆறு தந்திகளும் சேர்ந்து இழுக்கும் இழுவை சுமார் 40 கிலோ. எஃகுத் தந்தி என்றால் 70 கிலோவையும் தாண்டும். வாசிக்காமல் சும்மா வைத்திருந்தாலும் ராப்பகலாக அந்த இழுவை இருந்துகொண்டே இருக்கும்.

உடைந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார் தாத்தா. விஷயம் புரிந்துவிட்டது. கழுத்தும் தலையும் ஒரே மரத்தில் செதுக்கியவை. தலை பின்பக்கமாகச் சாய்கிறது. ஆனால் மரத்தின் நார் சாயவில்லை. அது நேராகவே ஓடி, தலையின் முதுகில் குறுக்காக முடிந்துவிட்டது. நீளவாக்கில் ஓடும்வரை நார் கயிறு மாதிரி. குறுக்கே வந்துவிட்டால் பிஸ்கட் மாதிரி. போதாததற்கு, கழுத்து மிக மெலிந்திருப்பதும் அதே இடத்தில்தான்.

"இது நீ கீழ போட்டதால ஒடைஞ்சது இல்ல அம்மணி. ஒடையற எடத்துலதான் ஒடைஞ்சிருக்கு" என்றார்.

அத்தனை நாளில் அவள் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

தலை ஏன் சாய வேண்டும்?

"அப்ப தலையச் சாய்க்காம நேரா வெச்சா என்ன தாத்தா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. போனில் தேடித் தேடி அவளே படித்தும் சொன்னாள்.

கழுத்து முடிந்து தலை தொடங்கும் இடத்தில் வெள்ளையாக ஒரு சின்னக் கட்டை இருக்கும். 'நட்' என்பார்கள். தந்தி அதன் மேல் அழுந்தி உட்கார்ந்தால்தான் நாதம் சுத்தமாக வரும். இல்லையென்றால் தந்தி அதிரும்போது காடியை விட்டுத் துள்ளும், கரகரக்கும். தலை பின்னால் சாய்ந்தால் தந்தி தானாகக் கீழே அழுந்தும். சாய்வின் வேலை இதுதான்.

ஐரோப்பாவின் பழைய லூட் வாத்தியத்தில் தலை கிட்டத்தட்ட செங்குத்தாகவே பின்னால் மடிந்திருக்கும். அவ்வளவு பெரிய மடிப்பை ஒரே மரத்தில் செதுக்க முடியாது. தலையைத் தனியாகச் செய்து கழுத்தில் பொருத்துவார்கள். கிப்ஸன் எலெக்ட்ரிக் கிடார்களில் 17 டிகிரியாக இருந்த சாய்வு 1960-களின் நடுவில் 14 டிகிரியாகக் குறைந்தது. ஃபெண்டர் 1950-ல் சந்தைக்குக் கொண்டுவந்த கிடாரில் சாய்வே கிடையாது. தட்டையான மேப்பிள் பலகை. தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, தந்தியை அமுக்கிப் பிடிக்க ஒரு சின்ன உலோகத் துண்டை வைத்துவிட்டார்கள். உடையும் தொல்லை குறைந்தது.

பேத்தி படித்ததில் தாத்தாவுக்குப் பிடித்தது மார்ட்டின் கதை. ஜெர்மனியிலிருந்து 1833-ல் நியூயார்க்குக்குப் போய்க் கடை போட்டவர் சி.எஃப். மார்ட்டின். அந்தக் காலத்து மார்ட்டின் கிடார்களில் தலை தனி மரம். கழுத்தோடு அதைப் பூட்டிய இடத்தில், பின்பக்கம் வைரக்கல் வடிவில் ஒரு புடைப்பு இருக்கும். பிற்பாடு ஒரே மரத்தில் செதுக்க ஆரம்பித்தார்கள். பூட்டு போய்விட்டது. ஆனால் அந்த வைரப் புடைப்பை மட்டும் சில மாடல்களில் அலங்காரமாக இன்றும் செதுக்குகிறார்கள்.

"ஒட்டுன தடம் நகையாயிருச்சு பாரு" என்று சிரித்தார் தாத்தா.

ஏகாண்டமா, ஒட்டா?

இன்னொரு வழியையும் பேத்தி படித்துக் காட்டினாள். ஒரு சாதாரணப் பலகையின் நுனியைச் சாய்வாக வெட்ட வேண்டும். வெட்டிய துண்டைத் திருப்பிப் போட்டு, பலகையின் அடியில் ஒட்ட வேண்டும். தலை தானாகச் சாய்ந்துவிடும். உலகம் முழுக்கப் பல கிடார் தச்சர்கள் செய்வது இதைத்தான்.

தாத்தாவுக்கு மனசு ஒப்பவில்லை.

பல வருடங்களுக்கு முன் பாட்டியோடு தஞ்சாவூர் போயிருந்தபோது, வீணை செய்யும் பட்டறை ஒன்றுக்குள் நுழைந்திருந்தார். குடம், தண்டி, யாளி முகம் எல்லாவற்றையும் ஒரே பலா மரத்தில் குடைவதற்கு ஏகாண்ட வீணை என்று பெயர். தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. ஏகாண்டத்துக்குத்தான் மதிப்பு, விலை எல்லாம். பாட்டி அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றது அவருக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. 'பாட்டி வாங்கிக் கொடுத்ததுக்குப் போய் ஒட்டுப் போடுவதா?' என்று இருந்தது.

ஆனால், சந்தேகம் வந்தால் செய்து பார்த்துவிடுவது பட்டறைக்காரர் பழக்கம்.

ஒரே மஹாகனித் துண்டிலிருந்து இரண்டு குச்சிகள் செய்தார். இரண்டும் விரல் பருமன். இரண்டுக்கும் நடுவில் 15 டிகிரி வளைவு. ஒன்றில் அந்த வளைவை மரத்திலேயே செதுக்கினார். மற்றதை வெட்டித் திருப்பி ஒட்டினார். நன்றாகக் காயவிட்டார்.

முதல் குச்சியை வைஸில் பிடித்து உள்ளங்கையால் அமுக்கினார். 'மடக்'. கிடார் உடைந்த அதே சத்தம், அதே இடம். இரண்டாவதை அமுக்கினார். வளைந்ததே தவிர உடையவில்லை. உடம்பு பாரம் முழுவதையும் போட்டபோது ஒருவழியாக உடைந்தது. உடைந்த இடத்தைப் பேத்தி எடுத்துப் பார்த்தாள். ஒட்டு அப்படியே இருந்தது. அதற்கு ஓர் அங்குலம் தள்ளி, மரம்தான் நார் நாராகக் கிழிந்திருந்தது.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. மரத்தின் வெட்டு முனை உறிஞ்சுகுழல்களைக் கட்டி வைத்த மாதிரி. பசையை உறிஞ்சிக்கொள்ளும், பிடிப்பு நிற்காது. ஆனால் சாய்வாக வெட்டினால் நாரின் பக்கவாட்டு முகம் கிடைக்கும். அங்கே பசை நன்றாகப் பிடிக்கும். பரப்பும் கூடும். 20 மில்லிமீட்டர் கனமுள்ள பலகையை நேராக வெட்டினால் 20 மில்லிமீட்டர் முகம்தான். 15 டிகிரியில் வெட்டினால் சுமார் 77 மில்லிமீட்டர். எல்லாவற்றுக்கும் மேலாக, கழுத்திலும் நார் நீளவாக்கில் ஓடுகிறது, தலையிலும் நீளவாக்கில் ஓடுகிறது. குறுக்கே முடியும் நார் எங்குமே இல்லை.

தாத்தா இரண்டு குச்சிகளையும் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். "வீணைக்குத் தண்டி நேரா போகுது, அதுக்கு அது சரி. இதுக்குத் தலை சாயணும். சாயற எடத்துல மரத்தைக் கட்டாயப்படுத்தக் கூடாது" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

உப்பு

நீராவி காட்டிப் பழைய கழுத்தை உடலிலிருந்து மெல்லக் கழற்றினார். விரல் பலகையைப் பிரிக்க இஸ்திரிப் பெட்டி உதவியது. சூட்டில் பசை இளக, மெல்லிய கத்தியை உள்ளே விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். பேத்தியின் விரல் பட்டுப் பட்டு வழவழப்பான அந்தப் பலகை சேதமில்லாமல் கிடைத்தது. உடலும் விரல் பலகையும் பாட்டி வாங்கியது. கழுத்தும் தலையும் மட்டும் புதிது.

ஒரே கட்டையில் கழுத்தைச் செதுக்குவது என்றால் கனமான மரம் வேண்டும், அதில் பெரும்பகுதி சுருள் சுருளாகக் குப்பைக்குத்தான் போகும். இந்த முறையில் 20 மில்லிமீட்டர் பலகை ஒன்று போதும். உடலோடு சேரும் தடித்த அடிப்பகுதிக்கு அதே பலகையின் துண்டுகளை அடுக்கி ஒட்டிக்கொள்ளலாம்.

கோணமானியை வைத்துக் கோடு கிழித்து ரம்பத்தில் அறுத்தார். இரண்டு துண்டுகளையும், வெட்டிய முகங்கள் சேர்ந்து ஒரே சரிவாகும்படி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைஸில் பிடித்தார். இழைப்புளி ஒரே ஓட்டத்தில் இரண்டையும் இழைத்தது. சரிவின் நுனியில் மரம் காகிதம் மாதிரி மெலிந்துவிடும். அங்கே உளி கொஞ்சம் மந்தமாக இருந்தாலும் பிய்ந்துவிடும். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு தன் கண்ணை அவர் முழுதாக நம்புவதில்லை. துண்டுகளைச் சேர்த்து டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்து, "வெளிச்சம் தெரியுதா அம்மணி?" என்பார். தெரிகிறது என்றால் மறுபடி இழைப்பு. ஐந்தாவது தடவை பேத்தி, "ஒண்ணும் தெரியல தாத்தா" என்றாள்.

அன்று ராத்திரி பசை தடவினார். அங்கேதான் சிக்கல். சரிவான முகத்தில் பசை போட்டு கிளாம்ப்பை இறுக்கினால் துண்டு வழுக்கிக்கொண்டு போகும். சோப்பு தடவின மாதிரி. இந்தக் கையால் பிடித்தால் அந்தக் கையால் இறுக்க முடியவில்லை. பேத்தியின் பிடி போதவில்லை. ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை. தாத்தாவின் கை நடுங்க ஆரம்பித்தது. பசை காயத் தொடங்கிவிட்டால் எல்லாம் வீண்.

ஷிஃப்ட் முடிந்து வந்த மகன் பின்கட்டு வாசலில் நின்று பார்த்தார். பேச்சில்லாமல் செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து இரண்டு துண்டுகளையும் அழுத்திப் பிடித்தார். அப்போதும் நழுவியது.

"கொஞ்சம் உப்பு எடுத்துட்டு வா கண்ணு. தூள் உப்பு" என்றார் மகளிடம்.

தாத்தா நிமிர்ந்தார். "உப்பு எதுக்கு?"

"நாலு கல்லு தூவுனா மரத்துல குத்தி நிக்குங்கப்பா. நகராது. வீடியோல பாத்தேன்."

"எப்ப பாத்த?"

மகன் உடனே பதில் சொல்லவில்லை. "நீங்க மேஜையைத் தொறந்த அன்னைக்கு ராத்திரி" என்றார்.

உப்பு வந்தது. நாலைந்து துகள் தூவி வைத்து அமுக்கினார்கள். துண்டு நின்றது. மகன் பிடித்துக்கொள்ள, அப்பா கிளாம்ப்பை இறுக்கினார். ஓரங்களில் பசை முத்து முத்தாகப் பிதுங்கியது. பிதுங்கினால் நல்லது, உள்ளே எல்லா இடத்திலும் பசை இருக்கிறது என்று அர்த்தம்.

"அந்தக் காலத்துல வஜ்ஜிரம் காய்ச்சி ஊத்துவோம். நாத்தம் தெருவுக்கே வரும்" என்றார் அப்பா. "ஞாபகம் இருக்குங்கப்பா. அம்மா மூக்கைப் பொத்திட்டுதான் டீ கொண்டு வரும்" என்றார் மகன்.

கட்டைவிரல்

ஒரு முழு நாள் கிளாம்ப்பைத் தொடவில்லை. பிறகு கழுத்தை உருட்டினார். தலை திரும்பும் மூலையைக் கூராக விடாமல் கொஞ்சம் சதை விட்டு வளைத்தார். உள்மூலை கூராக இருந்தால் இரும்பும் அங்கேதான் விரியும் என்பது அவருக்குப் பட்டறை கற்றுக்கொடுத்தது. அந்த நாளில் மெழுகோ தோல் பட்டையோ வைத்து மூலையை உருட்டிவிடுவார். இங்கே மரத்திலேயே உருட்டினார். உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கினார். கழுத்தையும் விரல் பலகையையும் பழையபடி சேர்த்தார்.

கழுத்தின் முதுகில் ஒட்டின கோடு மெலிதாகத் தெரிந்தது. "கறுப்புப் பெயின்ட் அடிச்சுட்டா தெரியாது" என்றார் மகன்.

"வேண்டாம்ப்பா. அப்படியே இருக்கட்டும்" என்றாள் பேத்தி.

தந்திகளை ஒரே நாளில் ஏற்றிவிடவில்லை. முதல் நாள் பாதிச் சுதி. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். மூன்றாம் நாள் முழுச் சுதி. அன்று ராத்திரி தாத்தா இரண்டு தடவை எழுந்து போய்க் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். பதினோரு நாள் போனது. பன்னிரண்டாம் நாளும் போனது. ஒரு மாதமும் போனது.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகனும் ஒரே வண்டியில் கிளம்பினார்கள். மகனின் மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று தாத்தா பார்க்க வேண்டுமாம். திரும்பி வந்தவரிடம் பேத்தி எப்படி இருந்தது என்று கேட்டாள். "வேகம் இருக்கு. மூலையை உருட்டறதுல இன்னும் கொஞ்சம் கவனிக்கணும், சொல்லிருக்கேன்" என்றார்.

பேத்தி கிடாரை எடுத்தாள். முதல் கட்டைகளில் வாசிக்கும்போது இடது கையின் கட்டைவிரல் கழுத்தின் பின்புறம் எங்கே உட்காருமோ, சரியாக அங்கேதான் அந்தக் கோடு வருகிறது. விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. அங்கே அது இருக்கிறது என்று அவளுக்கு மட்டும் தெரியும். கட்டைவிரலை அதன் மேல் வைத்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தாள்.